இருபத்து மூன்றாம் சுற்று

கல்லூரி அலுவலகத்து எழுத்தர் புகைப்படத்தைத் திருப்பிப் பார்த்தார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

முன்பக்கத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைப் பின்னணி. இரண்டு காதும் தெரிகின்றன. சிரிப்பில்லை. முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து மில்லிமீட்டர், இம்மி பிசகவில்லை. பின்பக்கம்தான் காட்டிக்கொடுத்துவிட்டது: கடை முத்திரை, தேதி, அதன் கீழே பென்சிலில் இரண்டு வரி.

“இருபத்து மூணு சுத்து,” என்று படித்தார் எழுத்தர். “என்னம்மா இது, ராட்டினமா?”

“ஸ்டூல் சார்.”

“அடுத்த வரி. ‘தெரியலை, நீயே சொல்லு.’ நான் என்னத்தைச் சொல்றது?”

“அது உங்களுக்கு எழுதினது இல்ல சார்.”

எழுத்தர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினார். “எடுத்துப் பதினோரு மாசம் ஆச்சு. ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்னு படிவத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கு.”

“முகம் மாறலையே சார்.”

“முகம் மாறலை. தேதி மாறிடுச்சே. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள்ள புதுசு ஒண்ணு கொண்டா. தாண்டிச்சுன்னா இடம் அடுத்த பொண்ணுக்குப் போயிடும். அப்புறம் இங்க வந்து கண்ணைக் கசக்கக் கூடாது.”

அன்று திங்கட்கிழமை. ஒரு படம் எடுக்க முழுதாக நான்கு நாள். அதுவும் புகைப்படக் கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு. ஊருக்கெல்லாம் முகம் எடுத்துக் கொடுத்த வீட்டில் ஒரு முகத்துக்குப் பஞ்சம் வரும் என்று எழுத்தர் எப்படி நினைப்பார்? “சரி சார்” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். ஆனால் அந்தப் பஞ்சம் அவளுக்குத் தெரியும்.

வீட்டிலும் கல்லூரியிலும் அவளை மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டு வயதில், அம்மா வெட்டி வைத்திருந்த படங்களில் ஒன்றை எடுத்து, இது ஒரு மில்லிமீட்டர் குறைவு என்றாள். அப்பா அளந்து பார்த்தார். குறைவுதான். அன்றைக்கு அப்பாவுக்குப் பெருமை கிடைத்தது, அம்மாவுக்கு எரிச்சல் கிடைத்தது, அவளுக்குப் பெயர் கிடைத்தது.

இப்போது வயது இருபது. கருவியியல் பட்டயப் படிப்பில் கடைசி ஆண்டு. மதிப்பெண்ணில் வகுப்புக்கே முதல், உயரத்தில் வகுப்புக்கே கடைசி. பதினோரு மணி நேர ரயில் பயணத் தொலைவில் ஒரு சோதனைக்கூடம் இருந்தது. தராசு, வெப்பமானி, அழுத்தமானி என்று ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் இருக்கிற கருவிகளை வாங்கி, சரியாகக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுச் சான்று கொடுக்கும் இடம். இரண்டாண்டுப் பயிற்சி, அப்புறம் அங்கேயே வேலை. கல்லூரிக்கு ஒரே ஓர் இடம். அதை மில்லிக்கு ஒதுக்கியிருந்தார்கள். மற்றவர்களின் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அம்மா சொன்னாள்: “உனக்குன்னே கட்டி வச்சிருக்காங்கடி.”

படிவம் கையில் இருந்தது. படம்தான் இல்லை. படம் ஏன் இல்லை என்பதைச் சொல்ல, அப்பாவைச் சொல்லியாக வேண்டும்.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. இதயம். கடையில், காலை பத்தே காலுக்கு, ஒரு வாடிக்கையாளரைத் தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொன்ன பிறகு. அந்த வாடிக்கையாளர் வெகுநேரம் தாடையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாராம்.

கடை, வீட்டின் முன்னறை. நடுவில் கேமராவைத் தாங்கும் மூன்றுகால் தாங்கி. அதன் மூன்று கால்களையும் அப்பா தரையோடு போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். ஒருமுறை யாரோ வீட்டு வால் ஒன்று ஓடிவந்து அதைத் தள்ளிவிட்டது. அந்தக் கோபத்தில் செய்த காரியம். பிறகு அதுவே வசதியாகிவிட்டது. கேமரா மூன்று தடவை மாறியது. தாங்கி மட்டும் அசையவில்லை. ஒளி அசையாது, தூரம் மாறாது. மாறுவது ஆள் மட்டும்தான். ஆளுக்கேற்ப மாற ஒரு ஸ்டூல் இருந்தது. வட்டப் பலகை, அடியில் பருத்த இரும்புத் திருகு. ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாக ஒரு சென்டிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். நெட்டையர்களுக்குத் தனியாக ஒரு முக்காலி.

மில்லிக்குக் கேமராவைப் பார்த்தால் கண் மூடிக்கொள்ளும். அது அப்பாவிடமிருந்து வந்த சொத்து. அவருக்கும் அப்படியே. கண் திறந்த நிலையில் அப்பாவின் படம் என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. கடை உரிமத்தில்கூடத் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். தன் கண்ணுக்கு அவரால் ஒன்றும் செய்துகொள்ள முடியவில்லை. மகள் கண்ணுக்கு மருந்து கண்டுபிடித்தார்: பொத்தானை அழுத்துமுன் ஒரு கேள்வி.

“பெரியவளாகி என்னடா ஆகப்போறே?”

அவள் யோசிப்பாள். யோசிக்கும்போது கண் மூடாது. பதில் வருவதற்குள் படம் விழுந்திருக்கும். மருந்து நன்றாக வேலை செய்ததால் வாடிக்கையாளர்களுக்கும் அதையே கொடுக்க ஆரம்பித்தார். எழுபது வயதுக்காரரிடமும் பெரியவராகி என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்பார். அவரும் யோசிப்பார்.

ஒவ்வொரு கல்வியாண்டின் முதல் நாளும் அடையாள அட்டைக்குப் படம். அப்பா ஸ்டூலை ஏற்கெனவே தயாராக வைத்திருப்பார். “போன வருஷ அளவுல வச்சிருக்கேன், உக்காரு.” உட்காருவாள். கேமராவுக்குள் பார்ப்பார். “ம்ஹூம். தலை மேல போயிடுச்சு. எழுந்திரு.” பலகையை இரண்டு கையாலும் பிடித்து, பெரிய கப்பலின் சக்கரத்தைத் திருப்புகிற மாதிரி திருப்பி இறக்குவார். ஒரு சுற்று. சில வருடம் இரண்டு, மூன்று. “வளர்ந்துட்டடா.” பிறகு கேள்வி, பிறகு படம். பின்னால் பென்சிலில், உச்சியிலிருந்து இறக்கிய மொத்தச் சுற்றும் அந்த வருடத்துப் பதிலும். ஐந்து வயதில், ஸ்டூல் உச்சியில் இருந்தபோது, பூஜ்யம் சுற்று.

பதில்கள் பலவிதம். ஐந்து வயதில் லிஃப்ட். லிஃப்ட் இயக்குபவர் அல்ல, லிஃப்ட். ஏழில் பல் டாக்டர். எட்டில் பல் டாக்டருக்குப் பல் டாக்டர். பத்தில் நீதிபதி, சனிக்கிழமை மட்டும். பதின்மூன்றில் “ஒண்ணும் ஆகமாட்டேன், போ.” அப்பா அந்தப் ‘போ’வையும் விடாமல் எழுதியிருந்தார். பதினாறில் கருவியியல். கடைசியாகப் பத்தொன்பதில், “தெரியலை, நீயே சொல்லு.”

அப்பா சொல்லவில்லை. “அடுத்த வருஷம் பார்க்கலாம்,” என்றார்.

அம்மா அதுவரை கவுண்டரில் உட்கார்ந்து படம் வெட்டிக்கொண்டிருந்தவள். காரியங்கள் முடிந்த மறுவாரமே கடையைத் திறந்து கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். முதல் மாதம் “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லி எடுத்தாள். எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் போல் படத்தில் விழுந்தார்கள். இரண்டாம் மாதம் “சிரிக்காதீங்க” என்றாள், சிரித்தார்கள். மூன்றாம் மாதம் சொந்தமாக ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தாள்.

“கிளம்பறப்போ அடுப்பை அணைச்சீங்களா?”

அடித்தது யோகம். யாராக இருந்தாலும் ஒரு கணம் கண் அகலும், முகத்தில் பொய் இருக்காது. இப்போது அந்த வட்டாரத்தில் புதிதாக அடையாள அட்டை வாங்கிய அத்தனை பேரும் அடுப்பைப் பற்றிக் கவலைப்படுகிற முகத்தோடுதான் திரிகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவே ஸ்டூலைக் கண்ணளவில் சரிசெய்து மில்லியை உட்கார வைத்தாள்.

“அடுப்பை அணைச்சியா?”

“நீதானே அணைச்சே.” கண் மூடியது.

“வீட்டைப் பூட்டினியா?”

“வீட்டுக்குள்ளதாம்மா உக்காந்திருக்கோம்.” மூடியது.

“பரீட்சை எப்போ?”

“பதினாலாம் தேதி.” மூடியது. ஒன்றில் பாதி திறந்திருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருந்தது முகம்.

இருபத்தாறு படம் எடுத்தார்கள். அப்பாவின் கேள்வியை அம்மா கேட்கவில்லை. மில்லியும் கேட்கச் சொல்லவில்லை. இருவரும் அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், ஈரத் தரையைச் சுற்றிக்கொண்டு நடப்பதைப் போல.

புதன்கிழமை படத்தை ஒத்திவைத்துவிட்டுப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்தாள். ‘உங்களைப் பற்றி, நூறு சொற்களுக்கு மிகாமல்.’ நூறு எதற்கு? முதல் சொல்லே வரவில்லை. ‘நான்’ என்று எழுதி, அதற்கு மேல் நகராமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் அதன் குணக்குறிப்பை எழுதிவிடுவாள். சரி, அப்படியே எழுதிப் பார்ப்போம் என்று தொடங்கினாள்.

‘வீச்சு: சமையலறையிலிருந்து கல்லூரி வரை. அதற்கு அப்பால் சோதிக்கப்படவில்லை. நுணுக்கம்: ஒரு மில்லிமீட்டர். சூடாகும் நேரம்: காலையில் நாற்பது நிமிடம், தேநீர் கிடைத்தால் பத்து. அறியப்பட்ட பிழை: கேமரா முன் கண் மூடும். கடைசியாகச் சரிபார்த்த தேதி:’

அங்கே நின்றாள். எந்தக் கருவியும் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ள முடியாது என்பது முதலாண்டுப் பாடம். பக்கத்தில் வைத்து ஒப்பிட, சந்தேகமில்லாத இன்னொன்று வேண்டும். அவளுக்கு அது பின்பக்கப் பென்சில் எழுத்து. பதினைந்து படம், பதினைந்து எண். பதினேழு வயதில், அதுவரை இருந்த எண்களை வரைபடமாகப் போட்டு வீட்டுச் சுவரில் ஒட்டி, பிறகு வருடத்துக்கு ஒரு புள்ளி சேர்த்துவந்தாள். முதலில் சடசடவென்று ஏறி, பதினான்கு வயதில் பதினெட்டுச் சுற்றைத் தொட்டு, அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு சுற்று என்று நிதானமாக ஏறும் கோடு. கல்லூரி மருத்துவப் பரிசோதனையில் மூன்று வருடமும் ஒரே உயரத்தை எழுதினார்கள். நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். கல்லூரிச் சுவரில் ஒட்டிய அளவுநாடாதான் கோளாறு என்று மில்லி எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தாள். நாடாவைக் கழற்றிச் சோதித்தார்கள். நாடா சரியாகத்தான் இருந்தது. “அப்ப முதுகு வளருது, கால் சுருங்குது,” என்று தோழிகளிடம் சொல்லிச் சமாளித்தாள். அப்பாவின் எண் தவறாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அடுத்த கட்டம்: ‘எதிர்கால நோக்கம்.’ அதில் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளியைப் பெரிதாக்கினாள். மூடி வைத்தாள்.

வியாழக்கிழமை செய்தது துரோகம். மார்க்கெட் முனையில் இருந்த போட்டிக் கடைக்குப் போனாள்.

“நீ அவரோட பொண்ணு இல்ல?” என்றார் மார்க்கெட் முனைக் கடைக்காரர். திரும்பித் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது அண்ணே. சீக்கிரம் எடுங்க.”

பதினோரு படம் எடுத்தார். பதினொன்றிலும் மூடியிருந்தது. கடைக்காரர் மலைக்கவில்லை. “இதுக்கெல்லாமா கவலைப்படறது? கண்ணு என்கிட்ட நிறைய இருக்கும்மா,” என்று கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். கால் மணியில் எட்டுப் பிரதிகள் உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் பிரித்துப் பார்த்தாள். மூக்கு அவளுடையது. வாய் அவளுடையது. நடுவில் யாரோ இருவர் உட்கார்ந்து அவளைக் கண்டிப்போடு பார்த்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், போட்டிக் கடை உறையைப் புகைப்படக்காரர் வீட்டில் மறைக்க முடியாது. மாலை தேநீருக்கு முன் அம்மாவின் கையில் அது இருந்தது.

“யாருடி இது?”

“நான்தான்.”

“கண்ணு?”

அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். தூரத்தில் வைத்தாள், கிட்டத்தில் வைத்தாள்.

“இந்தக் கண்ணை எனக்குத் தெரியுமே. பேக்கரிக்காரம்மா கண்ணுடி இது! இடது இமை கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தம்மா கண்ணை வச்சுக்கிட்டு நீ எந்த ஊருக்குப் போகப்போறே? போற இடத்துல ரொட்டி போடச் சொல்லப்போறாங்க.”

மில்லிக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் வந்தது. அதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். நேராச் சொல்லு. வேணும்னே மூடறியா?”

“யாராவது வேணும்னே கண்ணை மூடுவாங்களாம்மா? அது தானா மூடுது.”

“படம் இல்லன்னா படிவம் இல்ல. படிவம் இல்லன்னா ரயில் இல்ல. ‘நான் போகலைன்னு சொல்லலையே, கண்ணுதான் மூடிடுச்சு’ன்னு காலம் பூரா சொல்லிக்கலாம். உன் கண்ணு அவ்வளவு கெட்டிக்காரக் கண்ணு. உன்னைப் பெத்தவ நான், என்னையே டபாய்க்கிறியா?”

மில்லி மேசை விளிம்பை நகத்தால் அளந்தாள். அளந்துகொண்டே கேட்டாள்: “நான் போயிட்டா கடையில உனக்கு யாரு?”

“இப்ப யாரு? நீயா?” அம்மா கையை விரித்தாள். “ஒரு படம் வெட்டக் கொடுத்தா நீ நாலு பக்கமும் அளந்து முடிக்கறதுக்குள்ள வந்தவருக்குத் தாடி வளர்ந்துடுது. அப்புறம் படத்துல இருக்கறது அவர்தானான்னு அவருக்கே சந்தேகம்.”

“தனியா இருப்பியே.”

“எங்க தனியா? ஒரு நாளைக்கு நாப்பது முகம் பார்க்கறேன். சாயங்காலம் ஆனா எந்த முகமும் எதிர்ல வராம இருந்தாத் தேவலைன்னு இருக்கு.” அம்மா தேநீரை ஒரு வாய் குடித்தாள். ஆறியிருந்தது. “பொய்தான். ஆனா பாதிதான் பொய்.”

எட்டுப் பிரதிகளையும் உறையில் போட்டு, உறையைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

“பேக்கரிக்காரம்மாவை அவங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன். காலைல எட்டு மணிக்கு ஸ்டூல்ல உக்காரு.”

வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்கு அம்மா கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பக்கத்துப் பலகையில் பழைய பிஸ்கட் டின். அதில் அந்தப் பதினைந்து படங்கள்.

“உங்கப்பா எடுத்த மாதிரியே எடுப்போம்,” என்றாள். “போன வருஷம் எத்தனை சுத்து?”

“இருபத்து மூணு.” பார்க்கவே தேவையில்லை.

“இந்த வருஷமும் வளர்ந்திருந்தா?”

“இருபத்து நாலு.”

“அப்ப அதுல வை. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. உச்சிக்கு ஏத்திட்டு, அங்கேருந்து எண்ணிக்கிட்டே இறக்கு. தப்பா எண்ணாதே, நீ பெரிய அளவுக்காரி.”

மில்லி ஸ்டூலை உச்சி வரை ஏற்றினாள். பூஜ்யம். லிஃப்ட் ஆக ஆசைப்பட்ட உயரம். அங்கிருந்து இறக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுற்றையும் சத்தமாகச் சொன்னாள். ஆறு, ஏழு. பல் டாக்டரைத் தாண்டினாள். பத்து, பதினொன்று. திருகு சீராக இறங்கியது. அப்பா மாதாமாதம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது இன்னும் மிச்சமிருந்தது. பதினெட்டு. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

டக்.

பலகை அடிக்கட்டையில் மோதி நின்றது. மில்லி கையை மாற்றிப் பிடித்துத் திருப்பினாள். ஸ்டூலே சேர்ந்து திரும்பியது. திருகின் மரை முடிந்துவிட்டது.

“என்னாச்சு?”

“இறங்கமாட்டேங்குது. எங்கேயோ தப்பா எண்ணிட்டேன் போல.”

“நீயா? தப்பாவா?” என்றாள் அம்மா. குரலில் ஒரு தினுசான பவ்யம். “சரி, அப்படியே உக்காரு.”

உட்கார்ந்தாள். அம்மா கேமராவுக்குள் பார்த்தாள். “நெத்திதான் தெரியுது. முகம் எங்க கீழ போயிடுச்சா? ஏத்து.”

ஒரு சுற்று ஏற்றினாள். இருபத்தொன்று. உட்கார்ந்தாள். “பத்தாது.” இன்னொன்று. “இன்னும்.” இன்னொன்று. “இன்னும் ஒண்ணே ஒண்ணு.” பதினெட்டில் உட்கார்ந்தபோது, “ஆங், இப்பதான் சரியா கட்டத்துக்குள்ள இருக்கே. அசையாதே,” என்றாள் அம்மா.

மில்லி அசையவில்லை. உடம்பு அசையவில்லை, உள்ளே எண்கள் ஓடின. கேமரா தரையோடு போல்ட் போட்டது. அது நகராது. கட்டம் மாறவில்லை. தலை பதினெட்டில் பொருந்துகிறது. பதினான்கு வயதிலும் பதினெட்டு. அப்படியென்றால் பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, திருகிலேயே இல்லாத இருபத்து மூன்று. அளவுநாடா சரியாகத்தான் இருந்தது. அந்த நாடாவின் மேல் அவள் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு வருடமும் அவர் இறக்கினாரே, கண் முன்னால்தானே இறக்கினார், எங்கிருந்து

‘க்ளிக்’.

“முடிஞ்சது, எழுந்திரு,” என்றாள் அம்மா.

“அம்மா.”

“ம்.”

“அப்பா பொய் எழுதியிருக்காரு.”

“அஞ்சு வருஷமா,” என்றாள் அம்மா. தாங்கியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். “பதினஞ்சு வயசுல, வகுப்புல எல்லாரும் வளர்ந்துட்டாங்க, நான் மட்டும் நின்னுட்டேன்னு சமையலறைக் கதவுக்குப் பின்னாடி நின்னு அழுதியே, ஞாபகம் இருக்கா? அன்னிக்குப் பிடிச்சது அவருக்கு இந்தப் பைத்தியம். நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே கடைக்குள்ள போயி, ஸ்டூலை ஒரு சுத்து மேல ஏத்தி வச்சுடுவாரு. நீ வந்து உக்காந்ததும் தலை மேல போயிடுச்சும்பாரு. அதே சுத்தைத் திருப்பி இறக்கி, படத்துப் பின்னாடி ஒண்ணு கூட்டி எழுதுவாரு. நீ பல்லு முப்பத்திரண்டும் தெரிய உக்காருவே.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாம? ‘ஏங்க, அவ மில்லிமீட்டருக்கே சண்டை பிடிக்கறவ, ஒரு நாள் எண்ணிப் பார்த்தா மாட்டிப்பீங்க’ன்னேன். ‘எண்ணட்டும், எண்ணிட்டா அப்புறம் நாம சொல்லித் தர ஒண்ணும் இல்ல’ன்னாரு.” அம்மா மூக்கை உறிஞ்சினாள். “அந்த மனுஷன் ஒருத்தர் முகத்துல ஒரு மருவைக்கூட அழிச்சதில்ல. காலைப் பிடிச்சுக் கெஞ்சுவாங்க, மாட்டேன்னுடுவாரு. ஆயுசுல பண்ணின ஒரே ஃபோர்ஜரி நீதான்.”

மில்லி ஸ்டூலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். நாடாவைக் கழற்றிச் சோதித்த ஊழியரை நினைத்துச் சிரித்தாள். சுவரில் ஒட்டிய வரைபடத்தை நினைத்துச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அது வேறு ஒன்றாக மாறியது. அம்மா அதைக் கவனிக்காத மாதிரி கணினிக்குப் போய்ப் படத்தைத் திறந்தாள். மணி எட்டரை.

திரையில் ஒரு பெண் இருந்தாள். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. சிரிக்கவில்லை, கண்டிக்கவில்லை. எதையோ கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், விடை இன்னும் வரவில்லை, ஆனால் வந்துவிடும் என்று தெரிந்த முகம்.

“அப்பாவுக்கு இப்படி ஒண்ணு எடுத்திருக்கலாம்,” என்றாள் மில்லி.

“அவரை என்ன கேட்டிருந்தாலும் நம்மளைத்தான் கேள்வி கேட்டிருப்பாரு.”

அச்சு எந்திரம் எட்டுப் பிரதிகளைத் துப்பியது. அம்மா வெட்டினாள். ஸ்கேல் வைக்கவில்லை, கண்ணாலேயே வெட்டினாள். மில்லி ஒன்றை எடுத்தாள். கை தானாக அளவுகோலைத் தேடியது. பிறகு அளக்காமலேயே கீழே வைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள். பார்த்ததற்கு அடையாளமாகப் புருவம் மட்டும் ஏறி இறங்கியது.

முத்திரை குத்தி, தேதி போட்டு, பென்சிலைக் கூராக்கிக்கொண்டு அம்மா நிமிர்ந்தாள்.

“என்ன எழுத? பதினெட்டா? இருபத்து நாலா?”

பிழையைக் கண்டுபிடித்துச் சான்று கொடுக்கும் இடத்துக்குப் போகிற விண்ணப்பம். அந்தப் படிவத்தில் ஒட்டப்போகிற படம். மில்லி ஒரு நிமிடம் யோசித்தாள்.

“இருபத்து நாலு.”

“திருகுலேயே இல்லையேடி.”

“எழுதும்மா.”

அம்மா எழுதினாள். பென்சிலை எடுக்காமல், குனிந்த தலை நிமிராமல், எட்டு மாதமாகச் சுற்றிச் சுற்றி வந்த அதைக் கேட்டாள்.

“பெரியவளாகி என்னடி ஆகப்போறே?”

இந்தத் தடவை படம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. பதிலைச் சொல்லியே ஆக வேண்டும்.

“போய்ப் பார்க்கறேம்மா. பார்த்துட்டுச் சொல்றேன்.”

அம்மா அதை அப்படியே எழுதினாள். எட்டிலும் எழுதினாள். ‘ம்மா’வையும் விடவில்லை.

பதினொன்று இருபதுக்கு மில்லி கல்லூரி அலுவலகத்தில் நின்றாள். ‘உங்களைப் பற்றி’யில் குணக்குறிப்பு அப்படியே இருந்தது, பேருந்திலேயே, ‘கடைசியாகச் சரிபார்த்த தேதி’க்கு எதிரே அன்றைய தேதியை எழுதியிருந்தாள். ‘எதிர்கால நோக்கம்’ கட்டத்தில், அந்தப் பெரிய புள்ளிக்குப் பக்கத்தில், அம்மாவிடம் சொன்ன பதிலே இருந்தது. எழுத்தர் படத்தை வாங்கி முன்பக்கம் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு, சும்மா இருக்க முடியாமல், திருப்பினார்.

“இருபத்து நாலு சுத்தா? போன தடவை இருபத்து மூணுன்னுதானே இருந்துச்சு?”

“ஆமா சார். வளர்ந்துட்டேன்.”

எழுத்தர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, உயர்ந்த மேசைக்கு மேலே கழுத்து வரை மட்டும் தெரிந்த அவளைத் தலையிலிருந்து தொடங்கி எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவையும் பார்த்தார்.

“எங்க?” என்றார்.

மில்லி பசைக் குப்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் படத்தை ஒட்டி, ஓரத்தில் முத்திரையைக் குத்தினார். முத்திரை ஒரு மில்லிமீட்டர் கோணலாக விழுந்தது. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் வெளியே வந்தாள்.